ஆர்செட்: பணிக்காலம் முழுவதும் உடன்வரும் ஓர் அளவுகருவி

கடலோரச் சதுப்பு நிலங்களை ஆராய்வதையே வாழ்நாள் பணியாக ஏற்க நினைக்கும் ஓர் இளம் ஆய்வாளர், தமக்குக் கிடைக்கும் முதல் ஆய்வு நிதியில் எந்தக் கருவியை வாங்கலாம் என்று கேட்டால், நான் தயங்காமல் ஆர்செட்டைச் சொல்வேன். ராட் சர்ஃபேஸ் எலிவேஷன் டேபிள் என்ற பெயரின் சுருக்கம் அது. சேற்றுக்குள் ஆழமாக அடித்து இறக்கிய எஃகுத் தண்டின் தலையில் பொருத்தி, சுற்றியுள்ள தரையின் உயரம் கூடுகிறதா குறைகிறதா என்பதை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து சொல்வது அதன் வேலை. மின்கலம் இல்லை, திரை இல்லை, மென்பொருள் இல்லை. பார்ப்பதற்கு ஒரு பட்டறையில் பாதியில் விட்டுப்போன பொருளைப்போலத் தோன்றும் இக்கருவியைப் பலவகைத் தளங்களில் பயன்படுத்திப் பார்த்தவன் என்ற முறையில், அதன் நிறைகுறைகளையும், எந்த விவரத்தாளிலும் அச்சிடப்படாத அதன் மிகப் பெரிய நிபந்தனையையும் இங்கே எழுதுகிறேன்.

கருவி எதற்காக என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அலையாத்தி மரங்களும் உப்புச் சதுப்புப் புற்களும் ஓதம், அதாவது கடலின் அன்றாட ஏற்றநீர், ஏறி வற்றும் எல்லைக்குள், அதிலும் மிகக் குறுகிய உயர வரம்புக்குள் வாழ்பவை. தரை சற்றுத் தாழ்ந்தால் வேர்கள் நெடுநேரம் நீரில் மூழ்கி ஆக்சிஜன் இன்றித் தவிக்கும். சற்று உயர்ந்தால் உள்நிலத் தாவரங்கள் போட்டிக்கு வந்துவிடும். கடல்மட்டமோ, காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு வெளியிட்ட ஆறாவது மதிப்பீட்டின்படி, 2006 முதல் 2018 வரை ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. சதுப்பு நிலமும் சும்மா இருப்பதில்லை. ஓதம் கொண்டுவரும் வண்டல் மேலே படிகிறது. வேர்கள் மண்ணுக்குள் பெருகித் தரையை மேலே தள்ளுகின்றன. அதே நேரத்தில் கரிமப் பொருள் மக்கியும், மண் தன் எடையாலேயே இறுகியும் தரை கீழே இறங்குகிறது. இந்த வரவு செலவின் நிகர மிச்சம் கடல்மட்ட உயர்வுக்கு ஈடுகொடுக்கிறதா என்பதே இத்துறையின் மையக் கேள்வி. அந்த மிச்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் என்பதால், ஒவ்வோர் அளவீட்டிலும் ஓரிரு சென்டிமீட்டர் பிசக இடமுள்ள ஆர்டிகே என்ற துல்லியவகை ஜிபிஎஸ் கருவியாலோ, அடர்ந்த புல்லின் தலையையே தரை என்று கணக்கிட்டுவிடக்கூடிய, வானிலிருந்து லேசர் ஒளியால் அளக்கும் லைடார் வரைபடத்தாலோ அதைச் சில ஆண்டுகளுக்குள் பிடித்துவிட முடியாது.

கருவியின் முதல் வடிவம் நெதர்லாந்தில் உருவானது. அதைப் பின்பற்றி ரூலோஃப் பௌமன்ஸும் ஜான் டேயும் 1993இல் வெளியிட்ட கட்டுரையின் வழியே அது பரவலாக அறிமுகமாயிற்று. அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்ட் கஹூன் தம் குழுவினரோடு அதைத் திருத்தித் திருத்தி, 2002இல் இன்றைய தண்டு வடிவத்தைக் கொண்டுவந்தார். பழைய வடிவத்தில் தடித்த அலுமினியக் குழாயைச் சேற்றில் இறக்க வேண்டும். அது சில மீட்டர் ஆழத்தோடு நின்றுவிடும். புதிய வடிவத்தில் விரல் பருமனுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகி இணைத்து, இனி இறங்காது என்ற நிலை வரும்வரை அடித்துக்கொண்டே போகலாம். இளகிய வண்டல் உள்ள தளங்களில் 20 மீட்டருக்கு மேலும் தண்டு இறங்குவதுண்டு. கஹூனின் பணிவாழ்வின் பெரும்பகுதி இந்த ஒரே அளவீட்டைச் செம்மையாக்குவதிலும் பிறருக்குக் கற்றுக்கொடுப்பதிலும் கழிந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. ஒரு கருவியைச் செய்து கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடாமல், அதை உலகின் கடற்கரைகள் எங்கும் ஒரே முறையில் பயன்படுத்தச் செய்ததுதான் அவருடைய உண்மையான சாதனை என்பது என் கருத்து.

நிறுவும் வேலை உடலுழைப்பைக் கேட்பது. தண்டுகளையும் அவற்றை அடித்து இறக்கும் சம்மட்டி இயந்திரத்தையும் முழங்கால் அளவு சேற்றில் சுமந்து செல்ல வேண்டும். தண்டு நின்றபின் அதன் தலைப்பகுதியைச் சுற்றி ஒரு பிவிசி குழாயைப் புதைத்து, சிமென்ட் நிரப்பி, கருவியின் கை பொருந்தும் உலோக ஏற்பியை அதில் அசையாமல் நிறுத்த வேண்டும். இதைவிடக் கடினமானது, இத்தனையையும் செய்யும்போது அளக்கப்போகும் தரையை மிதிக்காமல் இருப்பது. ஒரு காலடித் தடம் ஏற்படுத்தும் பள்ளம், பல ஆண்டுகள் காத்திருந்து அளக்கப்போகும் மாற்றத்தைவிடப் பெரியது. ஆகையால் பலகை மேடை அமைத்த பிறகே தண்டை எடுக்க வேண்டும். மேடைக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் இக்கருவியை வாங்காமல் இருப்பது நல்லது. நிறுவி முடித்த உடனே எடுக்கும் அளவுகளை அடிப்படையாகக் கொள்ளாமல், கலைந்த தரை அமைதியடையச் சில வாரங்களேனும் விட்டு, அதன்பின் முதல் அளவீட்டை எடுப்பதே முறை.

அளக்கும் முறையில்தான் இக்கருவியின் அழகு இருக்கிறது. எடுத்துச் செல்லக்கூடிய அலுமினியக் கையை ஏற்பியில் பொருத்தி, ரசமட்டத்தைப் பார்த்துக் கிடைமட்டமாக்க வேண்டும். கையின் நுனியில் உள்ள தட்டில் ஒன்பது துளைகள்; ஒவ்வொன்றிலும் ஒரு ஃபைபர் கிளாஸ் ஊசி. ஊசியை மெல்லத் தாழ்த்தி, அதன் நுனி தரையைத் தொட்டதும் சிறு கவ்வியால் பிடித்து நிறுத்தி, தட்டுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளவுகோலால் படித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்பதும் முடிந்தபின் கையை அடுத்த திசைக்குத் திருப்ப வேண்டும். நான்கு திசைகளில் ஒன்பது வீதம் ஒரு நிலையத்துக்கு 36 அளவுகள் கிடைக்கும். அடுத்த முறை வரும்போது கை அதே திசைகளில், அதே துளைகளின் வழியே, ஏறத்தாழ அதே புள்ளிகளின்மேல் வந்து நிற்கும். ஒரு புள்ளியை அதே புள்ளியோடு மட்டும் ஒப்பிடும் இந்த எளிய ஏற்பாட்டினால்தான், திறமையான கைகளில் ஒன்றரை மில்லிமீட்டருக்குள் பிழையை அடக்க முடிகிறது.

எளிய ஏற்பாடு என்றாலும் அதில் பழக்கம் தேவைப்படுகிறது. இளகிய சேற்றில் தரை எங்கே தொடங்குகிறது என்பது ஒரு தீர்ப்பு. ஒருவர் ஊசியை மேற்பரப்பின் ஈரப் படலத்திலேயே நிறுத்துவார். இன்னொருவர் சற்று அழுத்தம் உணரும்வரை இறக்குவார். இந்த வேறுபாடு ஓராண்டின் உண்மையான மாற்றத்தை விழுங்கிவிடக்கூடியது. நண்டு வளைக்குள் ஊசி இறங்கினாலோ, உதிர்ந்த இலையின்மேலோ புதிதாக முளைத்த மூச்சுவேரின்மேலோ உட்கார்ந்தாலோ அதைக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். அமெரிக்க தேசியப் பூங்காப் பணியகம் 2015இல் வெளியிட்ட செயல்முறைக் கையேடு இத்தகைய நுணுக்கங்களை எல்லாம் விரிவாகச் சொல்கிறது. கருவியோடு எந்தக் கையேடு வந்தாலும் சரி, அதை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படிக்குமாறு பரிந்துரைப்பேன். முடிந்தவரை ஒரே ஆள் ஆண்டாண்டாக அளக்க வேண்டும் என்பதும், ஆள் மாறும்போது பழையவரும் புதியவரும் ஒரே நாளில் ஒரே நிலையத்தை அளந்து ஒப்பிட வேண்டும் என்பதும் நடைமுறையில் முக்கியமானவை.

ஆர்செட்டைத் தனியாக வாங்கிப் பயனில்லை. அதற்கு அருகிலேயே தரையில் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமப் பொடியைச் சிறு சதுரங்களாகப் பரப்பிவைக்க வேண்டும். காலப்போக்கில் வண்டல் அதன்மேல் படியும்; பிறகு ஒரு மண் உருளையை வெட்டி எடுத்தால் வெள்ளைக் கோட்டுக்கு மேலே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். மண் குழைந்து உருமாறும் தளங்களில் திரவ நைட்ரஜனால் உறையவைத்து எடுப்பது வழக்கம். ஒரு தளத்தில் வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஐந்து மில்லிமீட்டர் வண்டல் சேர்ந்திருக்க, ஆர்செட் இரண்டு மில்லிமீட்டர் உயர்வையே காட்டினால், இடையில் காணாமல்போன மூன்று மில்லிமீட்டரும் தண்டின் அடிக்கும் தரைக்கும் நடுவே மண் இறுகியதாலோ மக்கியதாலோ ஏற்பட்ட தாழ்வு. 1990களின் நடுப்பகுதியில் கஹூனும் டெனிஸ் ரீடும் ஜான் டேயும் இதைத் தெளிவாக எடுத்துக்காட்டும்வரை, படிந்த வண்டலின் அளவையே தரையின் உயர்வு என்று கொண்டு, பல சதுப்பு நிலங்கள் நலமாக இருப்பதாகக் கருதும் போக்கு இருந்தது. இரண்டு எளிய அளவுகளின் கழித்தல் கணக்கு ஒரு துறையின் நம்பிக்கையை மாற்றியது என்பதால், பொடியைப் பரப்பும் வேலையை மாணவர்களிடம் தள்ளிவிட்டு மறந்துவிடுவோர்மேல் எனக்குச் சற்றே கோபம் உண்டு.

இக்கருவியால் என்னென்ன தெரியவந்தன என்று பார்த்தால் அதன் தரம் விளங்கும். 1998 அக்டோபரில் மிட்ச் புயல் ஹோண்டுராஸின் குவனாஹா தீவைச் சூறையாடியபோது அங்கிருந்த அலையாத்திக் காடு பெருமளவு மடிந்தது. மரங்கள் இறந்தபின் வேர்கள் மக்க, கரிமண் எனும் பாதி மக்கிய தாவர மண் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் வீதம் சரிந்துகொண்டே போனதை ஆர்செட் பதிவு செய்தது. புயல் ஓய்ந்துவிட்டது, காடோ தரைக்குள்ளேயே அமிழ்ந்துகொண்டிருந்தது. பெலிஸ் கரையோரத் தீவுகளில் ஆற்று வண்டல் வருவதே இல்லை எனலாம். அங்கே பத்து மீட்டர் வரை தடித்த கரிமண்ணை வேர்களே கட்டியெழுப்பியிருக்கின்றன. கேரன் மெக்கீயும் அவருடன் பணியாற்றியோரும் அத்தீவுகளில் ஊட்டச்சத்தைக் கூட்டிப் பார்த்தபோது, வேர் வளர்ச்சி மாறுவதற்கேற்பத் தரையின் உயரமும் மாறுவதைக் காட்டினார்கள். செசபீக் விரிகுடாவை ஒட்டிய ஸ்மித்சோனியன் சதுப்புத் தளத்திலோ காற்றில் கூடுதலாகக் கார்பன் டைஆக்சைடு செலுத்திய அறைகளுக்குள் இதே முறையில் அளந்தார்கள். அது வேர் வளர்ச்சியைத் தூண்டி, தரை உயர்வை ஆண்டுக்கு 3.9 மில்லிமீட்டர் விரைவுபடுத்தியதாக 2009இல் வெளியான கட்டுரை கூறுகிறது. வண்டலைப் பற்றிய கருவியாகத் தொடங்கிய ஒன்று, வேரைப் பற்றிய கருவியாக வளர்ந்துவிட்டது.

தனித்தனித் தளங்களின் பதிவுகள் ஒன்றுசேரும்போதுதான் இன்னும் பெரிய சித்திரம் கிடைக்கிறது. கேத்தரின் லவ்லாக் தலைமையில் இந்திய-பசிபிக் பகுதியின் அலையாத்திக் காடுகளிலிருந்து திரட்டப்பட்டு 2015இல் வெளியான பதிவுகளில், 69 விழுக்காட்டுத் தளங்களில் தரையின் உயர்வைவிடக் கடல்மட்ட உயர்வே விரைவாக இருந்தது. நீல் செயின்டிலன் குழுவினர் நான்கு கண்டங்களின் 97 உப்புச் சதுப்புத் தளங்களை ஆராய்ந்து 2022இல் சொன்னது அதைவிடக் கவலைக்குரியது. கடல்மட்டம் விரைவாக உயரும் இடங்களில் வண்டலும் விரைவாகவே படிகிறது. இதை மட்டும் பார்த்தால் சதுப்பு நிலம் சமாளித்துக்கொள்ளும் என்று தோன்றும். ஆனால் படியப் படிய மண் இறுகித் தாழ்வதும் அதைவிட வேகமாகக் கூடுகிறது. அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர் தலைமையில் 190 அலையாத்தித் தளங்களையும் 477 உப்புச் சதுப்புத் தளங்களையும் உள்ளடக்கி வந்த ஆய்வு, கடல்மட்டம் ஆண்டுக்கு நான்கு மில்லிமீட்டரைத் தாண்டி உயரும்போது இந்நிலங்கள் பின்தங்கத் தொடங்கக்கூடும் என்றும், ஏழு மில்லிமீட்டரைத் தாண்டினால் பின்தங்குவதற்கான வாய்ப்பு மிக அதிகம் என்றும் மதிப்பிட்டது. எங்கோ ஒரு சேற்றில் நின்று யாரோ அளவுகோலால் படித்த எண்கள் இல்லாமல் இந்த வரம்புகளை வகுத்திருக்க முடியாது.

இனிக் குறைகள். முதலாவது, ஒரு நிலையம் அளப்பது மிகச் சிறிய பரப்பை. கையின் வீச்சுக்கு அப்பால் ஓடை வளைவது அதற்குத் தெரியாது. கரை அரிப்பால் காடு விளிம்பிலிருந்து கரைந்துகொண்டிருக்கும்போதும், உள்ளே இருக்கும் ஆர்செட் எல்லாம் நலம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு தளத்துக்கு மூன்று நிலையங்களேனும் வேண்டும் என்பது இதனால்தான். இரண்டாவது, தண்டின் அடிக்குக் கீழே நிலம் தாழ்ந்தால் தண்டும் சேர்ந்தே தாழும். கருவி அதை உணராது. ஆற்றுக் கழிமுகங்களில் இது சிறிய விஷயமல்ல. ஓதமானியின் கடல்மட்டப் பதிவிலிருந்து ஆர்செட் எண்ணை நேரடியாகக் கழித்துவிடுவோர், ஓதமானி எந்த ஆழத்தில் ஊன்றப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பதே இல்லை. தண்டின் தலையை நில அளவை முறைப்படி உயரக் குறியீட்டோடு இணைத்து, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சரிபார்த்தாலன்றி இந்த இடைவெளி மூடாது.

மூன்றாவது குறையைக் குறை என்பதா, கருவியின் நேர்மை என்பதா என்று தெரியவில்லை. அது எல்லா மாற்றத்தையும் காட்டுகிறது, காரணத்தைச் சொல்வதில்லை. ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸில் உள்ள ஷார்க் ஆற்றங்கரை அலையாத்திக் காட்டில், வெவ்வேறு ஆழங்களில் ஊன்றிய கருவிகளை ஒப்பிட்டபோது, நிலத்தடி நீர்மட்டம் ஏறி இறங்குவதற்கேற்ப மண் உப்பிச் சுருங்குவது தெரிந்தது. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் எல் நினோ வறட்சியின்போது தரை தாழ்ந்ததை கெர்ரிலீ ரோஜர்ஸும் செயின்டிலனும் பதிவு செய்தார்கள். அதாவது, ஒரு வறண்ட ஆண்டில் அளக்கத் தொடங்கி ஈரமான ஆண்டில் முடிப்பவருக்குச் சதுப்பு நிலம் அற்புதமாக வளர்வதாகவும், மாறாகச் செய்தவருக்கு அது அழிவதாகவும் தோன்றும். இருவரும் சரியாகவே அளந்திருப்பார்கள்.

முதலில் குறிப்பிட்ட நிபந்தனை இங்கேதான் வருகிறது. இக்கருவி தரும் எண்களிலிருந்து ஒரு போக்கைத் தேறக் குறைந்தது மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வேண்டும் என்பார்கள். பருவ ஏற்ற இறக்கமும் வறட்சியும் புயலும் சமனாகக் கலந்துபோக வேண்டுமானால் பத்தாண்டும் குறைவே என்பேன். நிலவின் சுற்றுப்பாதை ஊசலாட்டத்தால் ஓதத்தின் வீச்சு 18.6 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது. ஆஸ்திரேலிய அலையாத்திக் காடுகளின் இலைத்தழை அடர்த்தியே இச்சுழற்சியைப் பின்பற்றி விரிந்து சுருங்குவதை 2022இல் காட்டியிருக்கிறார்கள். ஒரு முழுச் சுழற்சியைத் தன் கண்ணால் அளக்க விரும்பும் ஆய்வாளர், முனைவர் பட்டம் பெற்ற சூட்டோடு தண்டை ஊன்றினால் நடுவயதைக் கடக்கும்போதுதான் அது முடியும். ஆய்வு நிதியோ பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கு வருகிறது. கருவிக்கு நிதி கிடைப்பது எளிது. ஐந்தாம் ஆண்டில் படகுக்கும் ஆளுக்கும் நிதி கிடைப்பதுதான் அரிது. கைவிடப்பட்ட ஆர்செட் நிலையங்கள் பல இருப்பதற்குத் துரு காரணமல்ல.

இதற்கு மாறான முன்னுதாரணங்கள் இத்துறையில் உண்டு. இவான் வலியேலாவும் ஜான் டீலும் மாசசூசெட்ஸின் கிரேட் சிப்பிவிஸ்ஸெட் சதுப்பு நிலத்தில் 1970களின் தொடக்கத்தில் பாத்திகட்டி உரமிடத் தொடங்கிய சோதனை, பல பத்தாண்டுகள் தொடர்ந்தது. ஜேம்ஸ் மாரிஸ் தென் கரோலினாவின் நார்த் இன்லெட்டில் ஒரே புல்லினத்தின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்ததன் பயனாகவே, குறிப்பிட்ட ஆழம்வரை நீர் ஏறினால் புல் செழித்து வண்டலைப் பிடிக்கும், அதைத் தாண்டினால் நலியும் என்ற 2002ஆம் ஆண்டின் புகழ்பெற்ற மாதிரியை அவரால் உருவாக்க முடிந்தது. ஆர்செட் இத்தகைய மனப்போக்கு உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்டது.

மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். காத்திருக்க இயலாதவர்கள் மண் உருளையை எடுத்து, ஈயம்-210 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் சிதைவையும், அணுகுண்டுச் சோதனைகளால் 1963இல் உச்சம் தொட்ட சீசியம்-137 படிவையும் வைத்துக் கடந்த நூற்றாண்டின் படிவு விகிதத்தைக் கணக்கிடலாம். விரைவான முறை, மதிப்புள்ள முறை. ஆனால் அது படிவைச் சொல்லும், இன்றைய தரை உயர மாற்றத்தைச் சொல்லாது. செயற்கைக்கோள் வரைபடங்கள் காடு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று காட்டுவதில் இணையற்றவை. அவை இழப்பைக் காட்டும் நேரத்தில் தரை தாழ்ந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

எனவே பரிந்துரை இப்படி: ஒற்றை முனைவர் பட்ட ஆய்வுக்காக மட்டும், அதன்பின் வேறு துறைக்குப் போகும் எண்ணத்தோடு வாங்குவதாக இருந்தால் ஆர்செட் வேண்டாம், ஏற்கெனவே நிலையங்கள் உள்ள ஒரு குழுவோடு சேர்ந்து அவர்களுடைய பழைய பதிவுகளைத் தொடர்வது பல மடங்கு பயன் தரும். நீண்ட காலம் ஒரே கடற்கரையில் நிற்கக்கூடிய பல்கலைக்கழகம், வனத்துறை, களநிலையம் ஆகியவற்றுக்கு இதைவிட நம்பகமான அளவுகருவி இத்துறையில் இல்லை. வாங்கும்போது கையை நம்பகமான பட்டறையில் செய்வித்துக்கொள்ளுங்கள். மூட்டில் சிறு ஆட்டம் இருந்தாலும் ஏற்க வேண்டாம். ஊசிகளுக்கு எண் இட்டு, எந்த ஊசி எந்தத் துளைக்கு என்பதை மாற்றாதீர்கள். உடைந்த ஊசிக்கு மாற்று போடும்போது நீளத்தை அளந்து எழுதிவையுங்கள். நிலையத்தின் துல்லிய இருப்பிடம், தண்டின் ஆழம், அளக்கும் நான்கு திசைகள், கையின் தொடர் எண் ஆகியவற்றை ஆய்வாளரின் சொந்தக் குறிப்பேட்டில் மட்டும் வைக்காமல் நிறுவனத்தின் ஆவணமாகப் பதிவு செய்யுங்கள். ஓய்வுபெறுபவர் தம் கணினியோடு அவற்றையும் எடுத்துச் சென்றுவிட்டால், சேற்றில் நிற்கும் தண்டு அடுத்து வருபவருக்கு வெறும் இரும்பாகிவிடும்.